ஜூலைக் குளிரில் வெட்டிய குச்சிகள்

நேவியா பிரந்தலீசேவுக்குக் கெட்ட செய்தி வந்தால் பயமில்லை. நல்ல செய்தி வந்தால்தான் பயம். 'இலேரா' பத்திரிகையின் ஆசிரியர் நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் அவள் கற்ற பாடம் அது. மெந்தோசா மாகாணத்தில் திராட்சை போடுகிறவன் இந்த வருஷம் காய்ப்பு பிரமாதம் என்று சொன்னால் எதையோ மறைக்கிறான் என்று அர்த்தம். ஒயின் ஆலைக்காரன் பத்திரிகையைப் புகழ்ந்தால் எதையோ எழுதாமல் விடச் சொல்லப் போகிறான் என்று அர்த்தம். அதனால் அந்த ஜூலை மாதத்துக் குளிர்காலக் காலையில், விளம்பரம் பார்க்கும் சுலேமா காகிதங்களை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தபோது, நேவியா கேஸ் ஹீட்டர் பக்கம் நீட்டியிருந்த காலைக்கூட இழுத்துக்கொள்ளவில்லை.

"தோன்யா நேவியா, நாலு பக்கம்! ஆகஸ்ட் இதழுக்கு நாலு முழுப் பக்கம், கலர்ல! பேரமே பேசலை!"

"பேரம் பேசலையா? அப்ப ஏதோ வில்லங்கம் இருக்கு. யாரு?"

"மொந்தல்தி. அதான், மேட்டுப் பக்கம் பழைய ஆலையை வாங்கினாரே, புவெனோஸ் ஐரெஸ்காரர்."

"அதானே பார்த்தேன்."

"இன்னும் எங்க பார்த்தீங்க? படிச்சுட்டுத் திட்டுங்க."

லிசாந்த்ரோ மொந்தல்தியைத் திட்ட அவளுக்குப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை. தலைநகரத்துக்காரன் சிரித்துக்கொண்டு வந்தாலே அவளுக்குக் கதவைத் தாழ் போடத் தோன்றும். இவனோ போன மாதம் வந்து பத்திரிகையையே விலைக்குக் கேட்டிருந்தான். பத்திரிகை அவளுக்கும் தம்பி ஃபெருச்சோவுக்கும் பாதிப் பாதி. ஃபெரு உடனே சரியென்று தலையை ஆட்டிவிட்டான். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்பனை நடக்கும் என்பதால் நேவியா "யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு யோசிக்காமல் இருந்தாள்.

உள்ளதைச் சொன்னால், பத்திரிகை யாராவது கேட்க மாட்டார்களா என்கிற நிலையில்தான் இருந்தது. அவள் அப்பா அத்தீலியோ காலத்தில் 'இலேரா' வரவில்லையென்றால் தோட்டக்காரர்களுக்குக் கை ஒடிந்த மாதிரி. எந்த வாய்க்காலில் யாருக்கு எப்போது தண்ணீர் முறை, ஆலங்கட்டி எந்தப் பக்கம் விழுந்தது, கிலோவுக்கு எவன் ஏமாற்றுகிறான் எல்லாம் அதில் இருக்கும். இப்போது தண்ணீர் முறை கைபேசியில் வருகிறது. தோட்டங்களைப் பிடுங்கிப்போட்டு மதில் வைத்த வீடுகள் கட்டுகிறார்கள். மீதியிருக்கிற தோட்டத்தை வாங்குகிறவர்களுக்குத் திராட்சையைவிடக் கதைதான் முக்கியம். பாட்டிலுக்குப் பின்னால் ஒட்ட ஒரு கொள்ளுத்தாத்தா வேண்டும். கொள்ளுத்தாத்தா இல்லாதவன் ஒயின் விற்க முடியாது என்று ஆகிவிட்டது. 'ஈரக் கல் வாசனை' என்று எழுதிக்கொடுக்க நேவியாவே ஓர் ஆளை வைத்திருந்தாள். கல்லை மோந்து பார்த்திருக்கிறாயா என்று அவனை ஒருமுறை கேட்டாள். அவன் சிரித்தான். அவனையும் அவள் நம்பவில்லை.

காகிதத்தை எடுத்துப் படித்தாள். இரண்டாவது வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹீட்டரில் இருந்த கால் தானாகவே கீழே வந்தது.

"ஜூலை மாதக் குளிர். விரல்கள் மரத்துப்போயிருந்தன. சுருள்வில் உடைந்த பழைய கத்தரியால் அந்த இளைஞன் குச்சிகளை வெட்டினான். வெட்டுவாய் காயாமலிருக்க ஒவ்வொன்றையும் ஓர் உருளைக்கிழங்கில் செருகினான். நீலச் சால்வையில் சுற்றினான். கப்பலில் பசியால் துடித்தவர்கள் அந்தக் கிழங்குகளைக் கேட்டார்கள். அவன் கொடுக்கவில்லை, தானும் தின்னவில்லை..."

உருளைக்கிழங்குக் கதை இல்லாத குடும்பம் மெந்தோசாவில் கிடையாது. எல்லோருடைய கொள்ளுத்தாத்தாவும் இத்தாலியிலிருந்தோ ஸ்பெயினிலிருந்தோ திராட்சைக் குச்சியைக் கிழங்கில் குத்திக்கொண்டுதான் கப்பலேறினார். அத்தனை கிழங்கும் உண்மையென்றால் அந்தக் கப்பல்களில் மனுஷர் ஏற இடமிருந்திருக்காது. ஆனால் இது நேவியாவின் குடும்பத்துக் கதை. சுருள்வில் உடைந்த கத்தரி அவர்களுடையது, நீலச் சால்வை அவர்களுடையது. இத்தாலியின் வெனெத்தோவிலிருந்து வந்த கொள்ளுத்தாத்தா பொர்த்தோலோவின் கதை. ஒவ்வொரு ஆகஸ்டிலும், கொடி வெட்டும் பருவத்துக் கவாத்து இதழின் கடைசிப் பக்கத்தில் அத்தீலியோ அதை எழுதுவார். அவர் போன பிறகு நேவியா எழுதுகிறாள். சின்ன வயதில் ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்து அப்பா அதை வாசித்துக் காட்டும்போது, 'விரல்கள் மரத்துப்போயிருந்தன' என்ற இடத்தில் அவள் தன் விரல்களை ஊதிக்கொள்வாள். யார் வீட்டுப் பிள்ளை என்று யாராவது கேட்டால் அவளுக்குள்ளே அந்தக் கதைதான் பதில் சொல்லும். இப்போது அதில் பொர்த்தோலோவின் பெயரை எடுத்துவிட்டு ஒரு மொந்தல்தியை உட்காரவைத்திருக்கிறார்கள்.

"அடப்பாவி" என்றாள் நேவியா. "அடிமடியிலேயே கைய வச்சுட்டானே!"

"என்ன தோன்யா நேவியா, எழுத்துப் பிழையா?"

"சுலேமா, இதை யார் எழுதிக் குடுத்தாங்க? நீ ஏதாவது பழைய இதழைக் கிதழைத் தூக்கிக் குடுத்தியா?"

சுலேமாவின் முகம் சிவந்தது. "என்னையா சந்தேகப்படறீங்க? அந்த அலமாரிச் சாவியை நீங்க கழுத்துல மாட்டிட்டுக் குளிக்கிறவங்க. நான் எப்படித் தூக்கறது?"

அதுவும் சரிதான். புதிதாக வந்த வெளியூர்க்காரனுக்கு இந்தக் கதையை வீட்டு ஆள்தான் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும், அப்படியானால் மிச்சமிருப்பது ஒரே ஆள். நினைக்கவே நேவியாவுக்குக் கசந்தது, ஆனால் நினைக்க ஆரம்பித்த பிறகு எல்லாம் பொருந்திக்கொண்டே வந்தது. ஃபெரு மொந்தல்தியோடு காபி குடித்ததை அவளே பார்த்திருக்கிறாள். விற்பனைப் பேச்சை எடுத்ததும் அவன்தான். இந்த ஆள் பத்திரிகையை எதற்கு வாங்குகிறான் என்று அவள் இத்தனை நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். கதைக்காகத்தான்! வேர் இல்லாத ஆளுக்கு வேர் வேண்டும். ஃபெரு முன்பணமாகக் கதையைக் கொடுத்துவிட்டான்.

*

ஞாயிற்றுக்கிழமை ஃபெருவின் வீட்டுக் கொல்லையில் அசாடோ விருந்து. திராட்சைக் குச்சிகளைக் கொளுத்தித் தணலாக்கி, மாட்டு விலாவை அடுக்கிவைத்து, இடுக்கியோடு நின்றுகொண்டிருந்தான். நேவியா உள்ளே நுழைந்ததுமே அவன் கோப்பையைப் பார்த்தாள். ஒயினில் சோடா இல்லை. பனிக்கட்டியும் இல்லை. பிறந்ததிலிருந்து சிவப்பு ஒயினில் சோடாவைப் பீய்ச்சிக் குடிக்கிறவன். சோடா ஊற்றினால் ஒயினைக் கெடுத்துவிட்டான் என்று மொந்தல்தி மாதிரி ஆட்கள் மூர்ச்சை போட்டு விழுவார்கள்.

"என்னடா, சோடா எங்க?"

"டாக்டர் வேணாம்ட்டார். வயிறு எரியுது."

"ஓஹோ. டாக்டரா சொன்னாரு? நான் மொந்தல்தி சொன்னாருன்னு நினைச்சேன்."

ஃபெரு இடுக்கியால் ஒரு விலாவைப் புரட்டினான். "ஆரம்பிச்சிட்டியா? கறி வேகட்டும், அப்புறம் சண்டை போடு."

அவள் பொறுக்கவில்லை. காகிதத்தை மேஜையில் அறைந்தாள். அவன் படித்தான். படிக்கும்போது அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். ஒரு நிமிஷம் பயந்தவன் மாதிரி ஆனான். அந்த ஒரு நிமிஷமே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"மாட்டிக்கிட்ட இல்ல? என்ன குடுத்தான் இதுக்கு?"

"நேவி, நான் சொல்லலை. இந்தக் கதையை நானா வெளியில சொல்லுவேன்? வேற எதையாவது வித்தேன்னாலும் நம்பலாம், இதைப் போய்..."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படிப் போச்சு?"

அவன் கறியின் பக்கம் திரும்பிக்கொண்டான். "அது வேற."

"வேறயா! அப்பா எழுதின கதைடா அது. தூங்கும்போதுகூட எனக்குத் தெரியும். நீ சின்னப் பிள்ளையா இருந்தப்பவே ஆகஸ்ட் இதழை எடுத்தா எழுந்து போயிடுவ. உனக்கு அப்பாவும் ஒண்ணுதான், பழைய பேப்பரும் ஒண்ணுதான். எடைக்குப் போட்டுட்ட."

ஃபெரு இடுக்கியை மெதுவாகக் கல்மேல் வைத்தான். அவன் கத்தியிருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. உள்ளே போய் அச்சகச் சாவியைக் கொண்டுவந்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"என் பங்கையும் நீயே வச்சுக்க. திருடன் பங்கு உனக்கு எதுக்குன்னு தோணுச்சுன்னா வாய்க்கால்ல போடு. சாப்பிட்டுட்டுப் போ."

அவள் சாப்பிடவில்லை, சாவியை மட்டும் எடுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, சாவியைக் கொடுத்ததே குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 

*

மறுநாளிலிருந்து ஃபெரு அச்சகத்துக்கு வரவில்லை. காகிதம் வாங்குவதும், அச்சு பார்ப்பதும், கட்டு கட்டிப் பேருந்தில் ஏற்றுவதும் அவன் வேலை. இப்போது அதையும் நேவியாவே செய்தாள். செய்துகொண்டே மொந்தல்தியை எப்படி மாட்டிவைப்பது என்று யோசித்தாள். கதை எங்களுடையது என்று எழுதினால் போதாது. உங்களுக்கும் கிழங்கு, எங்களுக்கும் கிழங்கு என்று சிரித்துவிடுவான். அவன் கதையில் ஓட்டை இருக்க வேண்டும். திருடினவன் எங்கேயாவது ஒன்றை மாற்றியிருப்பான், அங்கே வழுக்கியிருப்பான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரி வரியாகத் துழாவினாள்.

அந்த ஓட்டையைத் தொலைக்காட்சி காட்டிக்கொடுத்தது. அலுவலகத்துக்கு எதிர்ப்புறத்துக் காபிக் கடையில், மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்து பாலும் காபியும் கலந்து குடித்துக்கொண்டிருந்தாள். வெளியே வாய்க்கால் ஓரமெல்லாம் பனி உறைந்து கிடந்தது. தொலைக்காட்சியில் இத்தாலியைக் காட்டினார்கள். வெனெத்தோவில் வெயில் தாங்காமல் ஜனங்கள் சட்டையைக் கழற்றிவிட்டு நீரூற்றில் நிற்கிறார்கள். ஒரு நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிழலில் கிடக்கிறது. ஜூலையில் இப்படி ஒரு வெயிலை நாங்கள் பார்த்ததில்லை என்று ஒரு கிழவர் வியர்வையைத் துடைத்தார்.

நேவியா கோப்பையை வைத்த வேகத்தில் காபி தட்டில் கொட்டியது.

ஜூலை! அங்கே ஜூலையில் கோடை. கொடி பச்சைப்பசேல் என்று இலையும் காயுமாக நிற்கும். எந்தப் பைத்தியக்காரன் ஜூலையில் கவாத்து செய்வான்? விரல் மரத்துப்போவதாம், குளிராம்! அங்கே குச்சி வெட்டுவதென்றால் ஜனவரியில் வெட்ட வேண்டும். கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷத்தில் அவளுக்குக் காது சூடானது.

அன்றைக்கே கடைசிப் பக்கத்தை எழுதினாள். பேனா நெருப்பாக ஓடியது. "கொள்ளுத்தாத்தாவைக் கடையில் வாங்குகிறவர்கள் உலகம் உருண்டை என்பதையாவது தெரிந்துகொண்டு வாங்கட்டும்" என்று முடித்தாள். சுலேமா படித்துவிட்டு, "நாலு பக்கம் போச்சு" என்றாள்.

"போகட்டும். மானம் போகலை இல்ல?"

"அச்சுக்கு அனுப்பிடவா?"

அனுப்பு என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. ஆனால் மொந்தல்தியின் முகத்தைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. ஃபெரு எவ்வளவுக்கு விற்றான் என்பதை அந்த ஆள் வாயாலேயே கேட்க வேண்டும். மொந்தல்திக்குத் தொலைபேசியில் "உங்க கதையில ஒரு சந்தேகம், நாளைக்கு வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

*

மொந்தல்தியின் ஆலையில் எல்லாமே புதுசு, பழசு மாதிரி இருக்கச் செய்த புதுசு. நாற்பது வயதுக்காரன், வாசலிலேயே நின்றிருந்தான். மாத்தே தேநீர் போட்டு நீட்டினான். ஒரே உறிஞ்சில் குடித்துவிட்டு அவள் குவளையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"தோன் லிசாந்த்ரோ, கதை எங்க வாங்கினீங்க?"

"வாங்கினதா? எங்க தாத்தா சொன்னது, சென்யோரா."

"தாத்தாவா! என் காதுல பூ சுத்தாதீங்க. எங்க பத்திரிகையில வருஷா வருஷம் வர்ற கதை. என் தம்பி உங்களுக்கு வித்தான். அதையாவது ஒழுங்கா ஒத்துக்குங்க."

"உங்க தம்பியா? அவர் என்கிட்ட காகித விலையைத் தவிர எதையும் பேசினதில்லையே." அவன் குவளையைக் கீழே வைத்தான். பிறகு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். "உட்காருங்க. நேத்து உங்க போன் வந்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். கேட்டதிலேர்ந்து தூக்கம் இல்ல."

அவன் சொன்னது இது. அவன் தாத்தாவுக்குப் புவெனோஸ் ஐரெஸில் ரயிலடி ஓரத்துக் கொட்டகையில் பாட்டில் கழுவும் வேலை. மெந்தோசா ஒயின் அந்தக் காலத்தில் ரயில் தொட்டிகளில் போய் அங்கேதான் பாட்டிலில் அடைபடும். அதே ரயிலில் 'இலேரா'வும் வரும். தாத்தா வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு ஆகஸ்டிலும் கடைசிப் பக்கத்தைப் பிள்ளைகளுக்கு உரக்க வாசிப்பார். பேரன் காலத்தில் பத்திரிகை அங்கே வருவதில்லை, தாத்தா மனப்பாடமாகவே சொல்வார். கேட்டவன் அது தாத்தாவின் அப்பா கதை என்று நினைத்துக்கொண்டான்.

"அம்மா சிரிச்சாங்க, சென்யோரா. 'பைத்தியமே, அது பத்திரிகைக் கதைடா'ன்னாங்க. நான் அந்தக் கதையை நம்பித்தான் இந்த இடத்தையே வாங்கினேன். உங்க பத்திரிகையையும் அதுக்காகத்தான் கேட்டேன், தாத்தா படிச்சதுன்னு."

நேவியா அவன் கண்ணை உற்றுப் பார்த்தாள். நடிப்பு இருந்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று பார்த்தாள். அவன் மூக்கு சிவந்திருந்தது. எத்தனை சந்தேகப்பட்டாலும் இது பொய் இல்லை என்று தெரிந்தது. ஃபெருவின் சாவி தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது ஞாபகம் வந்தது. அப்படியே எழுந்து போயிருக்கலாம். ஆனால் கொண்டுவந்த ஆயுதத்தை வீசாமல் போக மனசு வரவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டும். படிக்கிறவன் கொஞ்சம் யோசிக்க வேணாமா? ஜூலையில இத்தாலியில குளிரா? அங்க அப்ப வெயில் மண்டையைப் பிளக்கும். நீங்க சேர்த்த பொய்தானே அது?"

அவன் விழித்தான். "நான் ஒண்ணும் சேர்க்கலையே. தாத்தா அப்படித்தான் ஆரம்பிப்பார். உங்களோடதுல எப்படி ஆரம்பிக்கும்?"

"எங்களோடது..." அவள் தலையை நிமிர்த்திக்கொண்டு, அப்பாவின் குரலிலேயே ஆரம்பித்தாள். "ஜூலை மாதக் குளிர். விரல்கள்..."

அதற்கு மேல் வரவில்லை. எத்தனை ஆகஸ்டுகள் அந்த வரியைத் தன் கையாலேயே அச்சுக்குக் கொடுத்திருக்கிறாள்! எந்த ஊர்க் குளிர் என்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. படித்த தோட்டக்காரர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. குளிர் என்றால் ஜூலை, கவாத்து என்றால் ஜூலை. இங்கே பிறந்தவர்களுக்கு அதில் இடற என்ன இருக்கிறது? இங்கேயே பிறந்த அத்தீலியோவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அதாவது அத்தீலியோ கேட்டு எழுதவில்லை. உட்கார்ந்து கற்பனை செய்திருக்கிறார்.

"சென்யோரா, தண்ணி கொண்டுவரச் சொல்லட்டுமா?"

"வேணாம்."

"அப்ப நான் என்னதான் போடறது அந்த நாலு பக்கத்துல?"

"உங்க தாத்தா ரயிலடியில பாட்டில் கழுவினார்னு போடுங்க" என்றாள் எழுந்துகொண்டே. "நிஜமா நடந்தது அதுதானே."

*

ஃபெருவின் வீட்டுக் கதவை அவள் சியெஸ்தா என்னும் மதியத் தூக்க நேரத்தில் தட்டினாள். அந்த நேரத்தில் மெந்தோசாவில் யார் வீட்டுக் கதவையும் யாரும் தட்ட மாட்டார்கள். செத்தவன் சேதியைக்கூடக் கொஞ்சம் பொறுத்துத்தான் சொல்வார்கள். கலைந்த தலையும் கம்பளிச் செருப்புமாக வந்து திறந்தான்.

"யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகலை. ஃபெரு, நீ இல்ல. நீ சொல்லலை. மொந்தல்தி சொல்லிட்டான். நான் உன்னை என்னென்னமோ சொல்லிட்டேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"என் செருப்பு கம்பளி. வலிக்காது. உள்ள வா."

சமையலறையில் உட்கார்ந்ததும் அவள் சொன்னாள். "ஜூலை. இத்தாலியில ஜூலைன்னா கோடைடா. அப்பா பொய் எழுதியிருக்கார்."

அவன் ஆச்சரியப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனவன் திரும்பிப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே முகம்.

"கண்டுபிடிச்சுட்டியா" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"ஸ்கூல்ல பூமி உருண்டையை வச்சு மேல கோடை, கீழ குளிர்னு சொல்லிக் குடுத்தாங்க இல்ல? அன்னிக்கே அப்பாகிட்ட போய்க் கேட்டேன். அறைவார்னு நினைச்சேன். அறையலை. அச்சகத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திட்டு எல்லாத்தையும் சொன்னார்." அவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். "கொள்ளுத்தாத்தா கப்பல்லேர்ந்து இறங்கினப்போ கையில ஒரு குச்சியும் இல்ல, நேவி. தோன் எவரிஸ்தோ தோட்டத்துல கவாத்துக் கூலி. ஜூலை மாசம். வெட்டின குச்சியை அடுப்பெரிக்கக்கூட வெளியில கொண்டுபோகக் கூடாதாம். இவர் முதலாளி சியெஸ்தா தூங்குற நேரமாப் பார்த்து, சாக்குல சுருட்டிக் கொஞ்சம் கொஞ்சமா வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கார். ஒரு நாள் மாட்டிக்கிட்டார்."

"மாட்டி?"

"ஜெயில். வசந்தம் வர்ற வரைக்கும். அதுக்கு முன்னாடி எடுத்த குச்சியெல்லாம் வீட்டுல உருளைக்கிழங்குல செருகி, நீலச் சால்வைக்குள்ள இருந்துச்சு. அவர் பொண்டாட்டி பட்டினி கிடந்தாளே தவிர, அந்தக் கிழங்குல கை வைக்கலை. அவர் வெளியில வந்தப்போ குச்சியில மொட்டு விட்டிருந்துச்சாம்."

நேவியா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "அப்ப அந்தக் கப்பல்..."

"அப்பா கப்பல்னு எழுதினது ஜெயிலைத்தான்."

"ஏன்டா? இது அதைவிட நல்லா இருக்கே!"

"நல்லாதான் இருக்கு. பின் அட்டை விளம்பரம் யாரோடது? எவரிஸ்தோ ஆலை. முதல் இதழ்லேர்ந்து அவங்கதான். 'உங்க தாத்தா எங்க தாத்தாவை உள்ள தள்ளினார்'னு அப்பா கடைசிப் பக்கத்துல போட்டுட்டு, அதே தாள்ல பின்பக்கம் அவங்க பாட்டிலைப் போட முடியுமா? இடத்தை மாத்தினார். மாசத்தை மாத்தத் தோணலை."

நேவியா மேஜைத் துணியின் நூலைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஊரில் உள்ள எல்லோரிடமும் கள்ளத்தனம் தேடினவள், தான் திருடன் வீட்டுப் பெண் என்பதில் அவமானப்பட வேண்டுமா என்று தேடிப் பார்த்தாள். அவமானம் அங்கே இல்லை. தம்பியைத் திருடன் என்று சந்தேகப்பட்டதில் இருந்தது. "இத்தனை வருஷம் என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அப்பா கேட்டுக்கிட்டார். 'அவ அந்தக் கதையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுத் தூங்குறா, பிடுங்காதே'ன்னார். அதனாலதான் நீ வாசிக்கும்போதெல்லாம் எழுந்து போயிடுவேன். முகத்துல தெரிஞ்சுடுமோன்னு."

"அப்புறம் ஏன்டா விக்கச் சொன்ன?"

"பயம்தான். இப்பல்லாம் எல்லாரும் எல்லாத்தையும் தோண்டுறாங்க. எவனாவது ஒருத்தன் ஜூலையைப் பிடிப்பான். உன் பேர் போட்ட பக்கத்துல. ஊரே சிரிக்கும். வித்துட்டா அது அடுத்தவன் பாடுன்னு நினைச்சேன்."

அவள் அழுதாள். வெட்கமில்லாமல், சத்தமாக, சியெஸ்தா தூங்கும் தெருவுக்கே கேட்கிற மாதிரி அழுதாள். ஃபெரு அலமாரியிலிருந்து ஒயினையும் சோடாப் புட்டியையும் எடுத்து அவள் கோப்பையில் பீய்ச்சினான். தனக்குச் சோடா ஊற்றிக்கொள்ளவில்லை. நிஜமாகவே டாக்டர்தான் வேண்டாம் என்றிருக்கிறார்.

குடித்து முடித்ததும் அவள் பையிலிருந்து அந்த நெருப்புப் பக்கத்தை எடுத்து அடுப்பில் போட்டாள். வெள்ளைத் தாளும் பேனாவும் கேட்டாள். 'ஜூலை மாதக் குளிர். விரல்கள் மரத்துப்போயிருந்தன' என்று எழுதினாள். அந்த வரியில் மாற்ற ஒன்றும் இல்லை. வெனெத்தோ வரும் இடத்தில் 'தோன் எவரிஸ்தோவின் தோட்டம்' என்று எழுதினாள். கப்பல் வரும் இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு 'சிறை' என்று எழுதியது.

ஃபெரு தலைகீழாகவே படித்துக்கொண்டிருந்தான். "பின் அட்டை போயிடும், நேவி."

"போகட்டும். வெள்ளையா விடலாம்."

"மொந்தல்தி?"

"இதைப் படிச்சுட்டும் வாங்கணும்னு சொன்னா அப்பப் பேசலாம்."

"எத்தனை குச்சின்னு போடப் போற?"

அவள் யோசித்தாள். சின்ன வயதில் கதையில் ஏழு குச்சிகள் இருந்தன. அப்பா எழுத எழுத அது வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. அவளும் தன் பங்குக்குக் கூட்டியிருக்கிறாள். "திருடறவர் எண்ணிட்டா இருந்திருப்பார்? தெரியாதுன்னு போடறேன்."

ஃபெரு சிரித்தான். அவள் அச்சகச் சாவியைப் பையிலிருந்து எடுத்து அவன் பக்கம் தள்ளினாள். பிறகு தாளின் அடிக்கு வந்தாள். அங்கே அப்பாவுக்குப் பிறகு எப்போதும் அவள் பெயர் மட்டும்தான் வரும். இந்த முறை தம்பியின் பெயரை முதலில் எழுதினாள்.